ஃபிலிமும் பேட்டரியும் எந்தப் பையில் போக வேண்டும்?

கேள்வி: அடுத்த மாதம் நானும் மனைவியும் வெளிநாடு போகிறோம். போகும்போதும் வரும்போதும் இரண்டு இடத்தில் விமானம் மாற வேண்டும். பழைய 35 எம்எம் ஃபிலிம் கேமரா ஒன்று, 120 ரோல் போடும் மீடியம் ஃபார்மட் கேமரா ஒன்று, டிஜிட்டல் பாடி ஒன்று, மூன்று லென்ஸ், ஃபிளாஷ், டிரைபாட் எல்லாவற்றையும் எடுத்துப்போக ஆசை. ஃபிலிமில் ஐஎஸ்ஓ 100, 400 தவிர 3200 ரோலும் சில இருக்கின்றன. ஈயப் பையில் போட்டு செக்-இன் பெட்டியில் வைத்துவிடு, ஒன்றும் ஆகாது என்கிறார் ஒரு நண்பர். எக்ஸ்ரேயில் மெமரி கார்டே அழிந்துவிடும் என்கிறார் இன்னொருவர். பேட்டரிகளை எங்கே வைப்பது, 7 கிலோ கேபின் பைக்குள் இத்தனையும் எப்படி அடங்கும், பாதியை செக்-இன்னில் போட்டால் என்ன? ஒரே குழப்பமாக இருக்கிறது.

பதில்:

ஈயப் பை யோசனையை இன்றைக்கே மறந்துவிடுங்கள். கழுவாத ஃபிலிம் எந்தக் காரணம் கொண்டும் செக்-இன் பெட்டிக்குள் போகக் கூடாது, ஈயம் சுற்றினாலும் சரி, சுற்றாவிட்டாலும் சரி. மெமரி கார்டு விஷயத்தில் இன்னொரு நண்பர் சொன்னதும் தவறு. எக்ஸ்ரேயாலும் நாம் நடந்து போகும் மெட்டல் டிடெக்டர் வாசலாலும் கார்டில் இருக்கும் படத்துக்கு எதுவும் ஆவதில்லை. கேமராவின் சென்சாருக்கும் அப்படியே. கழுவி முடித்த நெகட்டிவ், ஸ்லைடு, பிரிண்ட் எதற்கும் பயமில்லை. பயப்பட வேண்டியது ஒளிபட இன்னமும் காத்திருக்கும் ஃபிலிமுக்கும், படம் எடுத்துக் கழுவாமல் வைத்திருக்கும் ஃபிலிமுக்கும் மட்டும்தான்.

செக்-இன் கவுண்டரில் நீங்கள் கொடுக்கும் பெட்டி பெல்ட்டில் ஏறிக் கண்ணுக்கு மறைந்ததும் எங்கே போகிறது என்று தெரிந்தால் ஈயப் பை ஏன் உதவாது என்பது புரிந்துவிடும். அங்கே இருப்பது வெடிமருந்தைத் தேடும் பெரிய இயந்திரம். 1990களில் வரத் தொடங்கிய இந்த வகை இயந்திரங்களில் பல, முதலில் பெட்டியை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, சந்தேகமான இடம் என்று படும் பகுதியின் மேல் மட்டும் அடர்த்தியான குறுகிய கற்றையைச் செலுத்தும். அந்தக் கற்றை ஃபிலிம் ரோலின் மேல் விழுந்தால் ஒரே தடவையில் கதை முடிந்தது. கழுவி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 1 செ.மீ. அகலத்துக்குச் சாம்பல் நிறப் பட்டை ஒன்று தெரியும், ரோல் பெட்டிக்குள் எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது என்பதைப் பொறுத்து அது நேர்கோடாகவும் இருக்கும், அலை அலையாக ஃபிரேம் விட்டு ஃபிரேம் நெளிந்துகொண்டும் போகும். சுருட்டி வைத்த ஃபிலிமின் பல சுற்றுகளை ஒரே கற்றை ஊடுருவிப் போவதால் வருவது அது. கேமராவில் வெளிச்சம் கசிந்திருக்கிறது என்று நினைத்து பெல்லோஸையும் (துருத்தி போன்ற மடிப்பு) பின்கதவு ஸ்பாஞ்சையும் மாற்றிக்கொண்டிருப்பவர்களில் சிலருக்கு உண்மையான காரணம் இதுதான்.

ஈயப் பைக்குள் போட்டால்? திரையில் கறுப்புக் கட்டியாக ஒன்று தெரியும். உள்ளே என்ன என்று தெரியாத பொருளை அப்படியே விமானத்தில் ஏற்றிவிட யாரும் சம்மதிக்க மாட்டார்கள். மறுபடி இயந்திரத்துக்குள் அனுப்புவார்கள், இல்லையென்றால் பெட்டியைத் திறந்து பையை வெளியே எடுத்துவிட்டு ரோல்களைத் தனியாக அனுப்புவார்கள். நீங்கள் அப்போது காப்பி குடித்துக்கொண்டு கேட் அருகே உட்கார்ந்திருப்பீர்கள். பேச ஆளில்லாத இடத்தில் ஃபிலிமை விட்டுவிட்டு வருவதுதான் இதில் உள்ள அடிப்படைத் தவறு.

சரி, அப்படியானால் கேபின் பை. இங்கேதான் கடந்த சில ஆண்டுகளில் நிலைமை மாறியிருக்கிறது, பழைய ஆலோசனைகளைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான்.

கேபின் பைகளுக்கு நெடுங்காலமாக இருந்தது சாதாரண எக்ஸ்ரே இயந்திரம். விசிறி போல விரியும் மெல்லிய கற்றையைப் பை ஒரு முறை கடந்து போகும், அவ்வளவுதான். அதில் ஐஎஸ்ஓ (ஃபிலிம் ஒளியை எவ்வளவு வேகமாக உணரும் என்பதைச் சொல்லும் எண்) 400 வரையான ஃபிலிம் ஓரிரு தடவை போனால் கண்ணுக்குத் தெரியும்படி எதுவும் நடப்பதில்லை. 800-ம் அதற்கு மேலும் என்றால் ஒரு தடவைகூட வேண்டாம். ஆனால் இந்தப் பாதிப்பு சேர்ந்துகொண்டே போகும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குறைந்த வேக ஃபிலிமாகவே இருந்தாலும் ஒரே ரோல் 5 தடவைக்கு மேல் இயந்திரத்தில் போகக் கூடாது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. உங்கள் பயணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: கிளம்பும் இடத்தில் ஒன்று, மாறும் இரண்டு இடத்திலும் ஒவ்வொன்று, திரும்பும்போது அதே மூன்று. எல்லா இடத்திலும் மறு சோதனை இருந்தால், போய்விட்டுப் படம் எடுக்கப்படாமலே திரும்பி வரும் ஒரு ரோல்கூட 6 தடவை போயிருக்கும். நடுவில் உள்நாட்டு விமானம் ஒன்று ஏறினால் இன்னும் கூடும்.

இப்போது வந்திருப்பது சிடி ஸ்கேனர். மருத்துவமனையில் இருப்பது போலவே எக்ஸ்ரே மூலம் பையைச் சுற்றிச் சுழன்று, பல கோணங்களிலிருந்து படம் எடுத்து, அதிகாரியின் திரையில் முப்பரிமாணமாகத் திருப்பிப் பார்க்கும்படி கொடுக்கிறது. பாதுகாப்புக்கு நல்லது. திரவ வெடிகுண்டால் விமானங்களைத் தகர்க்க நினைத்த 2006 ஆகஸ்ட் சதித் திட்டத்துக்குப் பிறகு வந்த 100 மில்லி திரவக் கட்டுப்பாட்டைத் தளர்த்தலாமா என்று சில நாடுகள் யோசிக்க முடிந்ததே இந்த இயந்திரத்தால்தான். மற்ற பயணிகளுக்கு வசதியான இதே இயந்திரம் ஃபிலிம்காரனுக்கு மட்டும் எமன். சுற்றிச் சுற்றிக் கொடுப்பதால் ஃபிலிமின் மேல் விழும் அளவு பல மடங்கு, ஒரே தடவை போதும். ஃபிலிம் தயாரிக்கும் கோடாக், இல்ஃபோர்ட் இரண்டு பக்கமுமே சொல்வது ஒன்றுதான்: சிடி இயந்திரம் என்றால் எந்த ஐஎஸ்ஓவாக இருந்தாலும் கழுவாத ஃபிலிமை உள்ளே அனுப்பாதீர்கள். 100 ரோல்தானே, தாங்கும் என்ற பழைய சமாதானம் இங்கே செல்லாது. போலராய்டு மாதிரியான இன்ஸ்டன்ட் ஃபிலிமுக்கும், ஒரு தடவை எடுத்துவிட்டுத் தூக்கிப்போடும் கேமராவுக்குள் இருக்கும் ஃபிலிமுக்கும் இதே விதிதான்.

எது எந்த இயந்திரம் என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. வரிசையில் நிற்கும்போதே ஊழியர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். லேப்டாப்பை வெளியே எடுத்து வையுங்கள் என்றால் பெரும்பாலும் பழைய இயந்திரம். எதையும் வெளியே எடுக்க வேண்டாம், எல்லாம் பைக்குள்ளேயே இருக்கட்டும் என்றால் பெரும்பாலும் சிடி. பார்க்கவும் அது பழையதைவிடப் பருமனாக, வளைந்த வெள்ளை உடம்போடு நிற்கும். ஒரே விமான நிலையத்தில் ஒரு வரிசையில் பழையதும் அடுத்த வரிசையில் புதியதும் இருப்பதும் உண்டு, ஆகவே போன தடவை சரியாக இருந்ததே என்ற நம்பிக்கையில் போகாதீர்கள். படங்களில் இந்தப் பாதிப்பு பட்டையாகத்தான் வரும் என்றில்லை. பெரும்பாலும் ஃபிலிம் முழுக்க மெல்லிய மூட்டமாக ஏறியிருக்கும். நெகட்டிவ் என்றால் நிழல் பகுதிகள்தான் முதலில் போகும், கறுப்பாக இருக்க வேண்டிய இடம் சாம்பலாகி, குருணை தடித்து, கலர் ஃபிலிமில் நிறமும் ஒரு பக்கம் சாயும். ஸ்லைடு ஃபிலிமில் கறுப்பு தன் ஆழத்தை இழந்து வெளிறும். லேபில் கழுவியது சரியில்லை என்று பழி போடும் அளவுக்குச் சாதாரணமாகத்தான் இருக்கும்.

ஆக, வழி ஒன்றே ஒன்று: கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்பது. அமெரிக்காவில் பயணி கேட்டால் ஃபிலிமையும் கேமராவையும் எக்ஸ்ரே இல்லாமல் சோதித்தாக வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. மற்றப் பல இடங்களில் அது அந்த வரிசையில் நிற்கும் அதிகாரியின் மனசைப் பொறுத்தது. அதனால் அவருடைய வேலையை எவ்வளவுக்குச் சுலபமாக்கித் தருகிறீர்களோ அவ்வளவுக்கு உங்களுக்குச் சம்மதம் கிடைக்கும். ரோல்களை அட்டைப்பெட்டியிலிருந்து வீட்டிலேயே எடுத்துவிடுங்கள், 35 எம்எம் ரோலின் கறுப்பு டப்பாவும் வேண்டாம். உள்ளே பார்க்க முடிகிற கெட்டியான ஜிப் பையில், ஐஎஸ்ஓ எண் வெளியே தெரியும்படி அடுக்குங்கள். உங்களிடம் உள்ள 3200 ரோல்களை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள், காரணம் இருக்கிறது: சாதாரண எக்ஸ்ரேயே கூடாது என்று சொல்வதற்கு அந்த எண் ஒன்றே போதும், அதோடு சேர்ந்து 100-ம் 400-ம் கையாலேயே போய்விடும். கெட்டிக்காரத்தனம் என்று சொல்லலாம், ஆனால் பொய் இல்லை.

120 ரோலுக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். புதிய ரோல்களை அவற்றின் ஃபாயில் உறையோடு கொண்டுபோனால் சில இடத்தில் பிரித்துக் காட்டச் சொல்வார்கள், பிரித்தால் ஒன்றும் கெட்டுவிடாது, ஆனால் வரிசையில் நின்றுகொண்டு பத்து ஃபாயிலைக் கிழிப்பது பார்க்கச் சகிக்காது. படம் எடுத்து முடித்த 120 ரோலில் ஒட்டும் பட்டை இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, மேலே ஒரு ரப்பர் பேண்டும் போட்டுவிடுங்கள். யாராவது பிரித்துப் பார்க்கிறேன் என்று ரோலைச் சுற்றியிருக்கும் காகிதத்தை இழுத்தால் போச்சு. இரண்டு ஃபிலிம் கேமராவும் விமான நிலையத்துக்கு வரும்போது காலியாக இருக்க வேண்டும். பாதி ரோல் உள்ளே இருந்தால், கேமரா இயந்திரத்துக்குள் போகும்போது அதுவும் சேர்ந்து போகும், இல்லையென்றால் அதிகாரி பின்கதவைத் திறந்து பார்ப்பார். ரெண்டும் நமக்கு நஷ்டம். முந்தின நாளே மீதி ஃபிரேம்களை எதையாவது எடுத்து முடித்துவிடுங்கள்.

கேட்கும் நேரமும் முக்கியம். பெல்ட்டில் டிரேயை வைப்பதற்கு முன்னால் கேட்க வேண்டும். ஃபிலிம் பையைக் கையில் பிடித்துக்கொண்டு, சிரித்த முகமாக, "இதில் கழுவாத ஃபோட்டோ ஃபிலிம் இருக்கிறது, இதை மட்டும் கையால் பார்க்க முடியுமா" என்று ஒரே வாக்கியம். எக்ஸ்ரே எவ்வளவு கெடுதல் என்று அங்கே பாடம் எடுக்கக் கூடாது. சம்மதித்தால் அவர் பையை வாங்கிக்கொண்டு ஓரத்து மேஜைக்குப் போவார், வெள்ளைத் துணித் துண்டு ஒன்றைக் கோலின் நுனியில் மாட்டி ரோல்களின் மேலும் பையின் ஜிப் ஓரத்திலும் தேய்த்து, அந்தத் துண்டை ஒரு சின்னக் கருவிக்குள் செருகுவார். வெடிமருந்துத் துகள் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று அது பார்த்துச் சொல்லும் வரை நின்றால் போதும். சில சமயம் ஒவ்வொரு ரோலாகத் தேய்ப்பார்கள். அவசரத்தில் ஓடி வந்து நின்றால் இதற்கெல்லாம் பொறுமை இருக்காது, உங்களுக்கும் சரி, அவருக்கும் சரி. வழக்கத்தைவிட அரை மணி நேரமாவது முன்னால் போங்கள்.

முடியாது என்றே சொல்லிவிட்டால்? முதலில் இது சிடி இயந்திரமா என்று கேளுங்கள். இல்லை, பழையதுதான் என்றால் 100-ஐயும் 400-ஐயும் அனுப்பிவிட்டு 3200-க்கு மட்டும் இன்னொரு முறை வேண்டிக்கேளுங்கள், பெரும்பாலும் இறங்கி வருவார்கள். சிடிதான் என்றால் பக்கத்தில் பழைய இயந்திரம் உள்ள வரிசை இருக்கிறதா, மேற்பார்வையாளரிடம் பேசலாமா என்று கேட்கலாம். அதற்கு மேல் வாதாடி விமானத்தை விட வேண்டாம். எடுக்காத ஃபிலிம் சிடியில் போய்விட்டால் தூக்கி எறியத் தேவையில்லை, நெகட்டிவ் ஃபிலிமாக இருந்தால் ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, கூடுதல் வெளிச்சம் கொடுத்து எடுங்கள், நிழல் விவரம் மூட்டத்துக்கு மேலே கொஞ்சம் எழும்பி நிற்கும். அந்த ரோலை மட்டும் புஷ் செய்து (வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம்) கழுவச் சொல்லிவிடாதீர்கள், மூட்டமும் சேர்ந்து தூக்கிக்கொண்டு வரும்.

இன்னொன்று யோசித்துப் பாருங்கள். போகும்போது கெடுவது வெறும் ஃபிலிம், காசோடு போச்சு. திரும்பும்போது கெடுவது நீங்கள் எடுத்த படம். அதனால் போகிற ஊரில் ஃபிலிம் கிடைக்கும் என்றால் அங்கேயே வாங்குங்கள், நல்ல லேப் இருக்கிறது என்று விசாரித்துத் தெரிந்தால் கிளம்புவதற்கு முன் அங்கேயே கழுவிவிடுங்கள், ஸ்கேன்கூட வேண்டாம், நெகட்டிவ் கையில் இருந்தால் போதும், எந்த இயந்திரத்துக்கும் அதன் பிறகு அஞ்ச வேண்டியதில்லை. கூரியரில் அனுப்பிவிடலாமே என்று தோன்றும், ஆனால் பார்சல்களும் எக்ஸ்ரேக்குப் போகின்றன, அங்கே கேட்க உங்களுக்கு ஆளே இல்லை.

இப்போது பேட்டரி. லித்தியம் அயன் பேட்டரி கருவிக்குள் இல்லாமல் தனியாக இருந்தால் அது கேபினில்தான் போக வேண்டும், செக்-இன்னில் கூடவே கூடாது. இது எல்லா விமானத்துக்கும் பொதுவான சர்வதேச விதி. ஏன் என்று பலருக்குத் தெரியாததால் ஏனோதானோவென்று மீறுகிறார்கள். பேட்டரிக்குள் ஷார்ட் ஆனால் ஒரு செல் சூடேறி அடுத்த செல்லைச் சூடாக்கி, அது அதற்கடுத்ததை என்று சங்கிலியாகப் போகும். சரக்கறையில் இருக்கும் ஹாலான் வாயு மேலே எரியும் தீயை அணைக்கும், உள்ளே நடக்கும் அந்தச் சூட்டை நிறுத்தாது. 2010 செப்டம்பரில் துபாயில் யுபிஎஸ் சரக்கு விமானம் விழுந்தது லித்தியம் பேட்டரிச் சரக்கு தீப்பிடித்துத்தான், விமானிகள் இருவருமே இறந்தார்கள். கேபினில் என்றால் புகை வந்ததும் பணியாளர்கள் பார்த்து, தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்க முடியும். தென்கொரியாவில் 2025 ஜனவரியில் நின்றுகொண்டிருந்த ஏர் பூசான் விமானம் ஒன்று எரிந்த பிறகு, பவர் பேங்கை மேல்தட்டில் வைக்காதே, பறக்கும்போது பயன்படுத்தாதே என்று பல நிறுவனங்கள் கூடுதலாக விதி போட்டிருக்கின்றன. டிக்கெட் வாங்கிய நிறுவனத்தின் விதியைக் கிளம்பும் வாரத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், இது மாறிக்கொண்டே இருக்கிறது.

அளவு வாட்-அவர் கணக்கில். வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்கினால் கிடைக்கும். 7.2 வோல்ட், 2280 மில்லி ஆம்பியர்-அவர் என்று போட்டிருக்கும் கேமரா பேட்டரி 16 வாட்-அவர் சொச்சம்தான். 100 வரை யார் அனுமதியும் தேவையில்லை. 100-க்கு மேல் 160 வரை என்றால் நிறுவனத்தின் முன் அனுமதியோடு உதிரி இரண்டு. அதற்கு மேல் பயணி கொண்டுபோக முடியாது. ஆக உங்கள் கேமரா பேட்டரிகளில் ஒரு சிக்கலும் இல்லை, வீடியோ விளக்குக்கும் பெரிய கேமராவுக்கும் போடும் பேட்டரிகளில்தான் பார்க்க வேண்டும். அவற்றில் பல 98, 99 என்று இருப்பது தற்செயல் இல்லை. பவர் பேங்கில் 20,000 மில்லி ஆம்பியர்-அவர் என்று எழுதியிருந்தால் அது 20 ஆம்பியர்-அவர், 3.7 வோல்ட்டால் பெருக்குங்கள், 74 வாட்-அவர். 30,000 என்றால் 111, தாண்டிவிட்டது. எண்ணே அழிந்துபோன பழைய பேட்டரியை அங்கேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், கொண்டுபோகாதீர்கள். முனைகள் ஒன்றோடொன்றோ சாவி, சில்லறையோடோ உரசக் கூடாது: பிளாஸ்டிக் மூடி இருந்தால் போடுங்கள், தொலைத்திருந்தால் முனையின் மேல் டேப் ஒட்டித் தனித்தனிப் பையில் வையுங்கள். பழைய ஃபிலிம் கேமராவுக்குப் போடும் சிஆர்123 மாதிரியான பேட்டரியும் லித்தியம்தான் என்பது பலருக்கு நினைவே வராது, உதிரி இருந்தால் அதுவும் கேபினில். ஃபிளாஷுக்குப் போடும் ரீசார்ஜ் ஏஏ பேட்டரி நிக்கல் வகை, அதை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், முனை மட்டும் பத்திரம்.

நான் சொல்ல வேண்டியதிலேயே முக்கியமானது இனிமேல்தான் வருகிறது. பாதுகாப்புச் சோதனை எல்லாம் நல்லபடியாக முடிந்து, ஃபிலிமும் பேட்டரியும் கேபின் பைக்குள் ஒழுங்காக இருக்கும், விமானத்தில் ஏறும் வாசலில் ஒருவர் வந்து, மேல்தட்டில் இடமில்லை, இந்தப் பையைக் கீழே அனுப்புகிறோம் என்று டேக் கட்டிவிடுவார். சின்ன விமானம் என்றால் இது கிட்டத்தட்ட நிச்சயம். கடைசியாக ஏறும் குழுவில் இருந்தாலும் அதேதான். அந்த நிமிடத்தில் பேட்டரியை வெளியே எடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு, ஃபிலிமையும் எடுத்தாக வேண்டும், ஏனென்றால் அந்தப் பை இறங்கும் ஊரில் மறுபடி எந்த இயந்திரத்துக்குள் போகும் என்று யாருக்கும் தெரியாது. பின்னால் நாற்பது பேர் நிற்க, லென்ஸுக்கு அடியில் கையை விட்டு ஒவ்வொரு பேட்டரியாகத் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும்.

அதனால் பை கட்டும்போதே இது பிடுங்கப்படும் என்று நினைத்துக் கட்டுங்கள். பெரிய பைக்குள் மேலேயே ஒரு சின்னத் தோள்பை. அதில் ஃபிலிம் பை, உதிரி பேட்டரி எல்லாம், பவர் பேங்க், மெமரி கார்டு டப்பா, இடம் இருந்தால் ஒரு பாடியும் ஒரு லென்ஸும். டேக்கை எடுத்துக்கொண்டு யாராவது வந்தால் இந்தப் பையை மட்டும் உருவித் தோளில் மாட்டிக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடலாம். சோதனையிலும் இதே பைதான் உங்களுக்கு வேலை செய்யும், கையால் பார்க்க வேண்டியது ஒரே இடத்தில் இருக்கும். நீங்கள் கேட்ட எல்லாக் கேள்விக்கும் பாதிப் பதில் இந்தச் சின்னப் பையில் இருக்கிறது.

7 கிலோ விஷயம். வீட்டில் இருக்கும் சக்கரம் வைத்த கேமரா பெட்டியைக் காலியாக எடை போட்டுப் பாருங்கள், 3 கிலோ, 4 கிலோ என்று அதுவே தின்றுவிடும். சாதாரணத் துணி முதுகுப் பைக்குள் கேமராவுக்கான தடுப்புத் திண்டு மட்டும் போட்டால் 1 கிலோவுக்கு மேல் போகாது, பார்ப்பவருக்கும் அது விலையுயர்ந்த பொருள் என்று தெரியாது. மனைவியும் வருகிறார் என்கிறீர்கள், ஆளுக்கு 7 என்றால் மொத்தம் 14, தாராளம். மீடியம் ஃபார்மட் கேமராவை ஒரு பையிலும் டிஜிட்டலை இன்னொன்றிலும் பிரித்துவிடுங்கள், ஒன்று தொலைந்தாலும் பயணம் முழுக்கக் கேமரா இல்லாமல் திரிய வேண்டாம். பெரும்பாலான நிறுவனங்கள் பை தவிர ஒரு சின்னத் தோள்பையை அனுமதிக்கின்றன, கழுத்தில் தொங்கும் கேமராவை அனேகமாக யாரும் எடை போடுவதில்லை. ஜாக்கெட் பையில் ஒரு லென்ஸ் போடலாம், கொஞ்சம் கேவலமாகத் தொங்கும், பரவாயில்லை. மூன்று லென்ஸும் தேவைதானா என்று மட்டும் இன்னொரு தடவை யோசியுங்கள்.

செக்-இன்னில் கேமராவைப் போடலாமா? தடை எதுவும் இல்லை, போட வேண்டாம் என்பது என் கருத்து. உடைவது ஒரு பக்கம், ஈட்டுத்தொகை இன்னொரு பக்கம். சர்வதேசப் பயணங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும் 1999 மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி, பெட்டி தொலைந்தாலும் சேதமானாலும் தாமதமானாலும் ஒரு பயணிக்கு அதிகபட்சம் 1,519 எஸ்டிஆர், இது 2024 டிசம்பர் 28-லிருந்து உள்ள அளவு. எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு, இந்த 1,519-ம் அமெரிக்க டாலரில் 2,000-ஐ ஒட்டி வரும். ஒரு நல்ல லென்ஸுக்கே காணாது. செக்-இன் செய்யும்போதே கூடுதல் மதிப்பை எழுதிக்கொடுத்து, கேட்டால் கூடுதல் கட்டணமும் கட்டினால் வரம்பு உயரும், ஆனால் கேமரா போன்றவற்றுக்குப் பொறுப்பில்லை என்று தங்கள் நிபந்தனையில் எழுதி வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு, தகராறுதான் மிஞ்சும். தனியாகக் கருவிக் காப்பீடு எடுப்பது மேல். கட்டாயம் போட்டே ஆக வேண்டும் என்றால் லென்ஸையும் பாடியையும் கழற்றித் தனித்தனியாக மூடி, கெட்டிப் பெட்டியில் ஸ்பாஞ்சுக்குள் புதைத்து, பேட்டரியை எடுத்துவிட்டு வையுங்கள். பெட்டி கைக்கு வந்ததும் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் திறந்து பாருங்கள். சேதம் என்றால் எழுத்தில் புகார் 7 நாளுக்குள் போயாக வேண்டும், தாமதத்துக்கு 21 நாள்.

டிரைபாட் செக்-இன்னில் போகட்டும். கேபினில் விடும் இடங்களும் இருக்கின்றன, விடாத இடமும் இருக்கிறது, மூன்று தடவை சோதனைக்கு நிற்கும் பயணத்தில் மூன்றாவது இடத்தில் அதைப் பறிகொடுப்பதைவிடத் துணிக்கு நடுவில் சுற்றிப் பெட்டியில் வைப்பது நிம்மதி. தலையைக் கழற்றித் தனியாக வையுங்கள், வளைவது எப்போதும் அந்தப் பிடிதான். ஆலன் கீ, சின்ன ஸ்க்ரூ டிரைவர், கத்தி எல்லாம் அதோடு போகட்டும். தூசு அடிக்கும் கேஸ் டப்பா மட்டும் கேபினிலும் வேண்டாம், செக்-இன்னிலும் வேண்டாம், ரப்பர் புளோயர் போதும். லென்ஸ் துடைக்கும் திரவம் சின்னப் பாட்டிலில்.

கருவிகளின் சீரியல் எண்ணை எழுதி, வாங்கிய பில்லின் நகலோடு போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது இதை வெளிநாட்டில்தான் வாங்கினாயா என்று சுங்கத்தில் கேட்டால் காட்டலாம், கிளம்பும்போதே சுங்கத்தில் பதிந்து சீட்டு வாங்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. ஏடிஏ கார்னே என்று ஒன்று கேள்விப்பட்டிருக்கலாம், அது தொழில்முறையாகப் பெட்டி பெட்டியாகக் கருவி கொண்டுபோகிறவர்களுக்கான தாள், உங்கள் இரண்டு பைக்கு அது தேவைப்படாது.

கேமராவை ஆன் செய்து காட்டச் சொல்லலாம், டிஜிட்டல் பாடியில் சார்ஜ் இருக்கட்டும். போய் இறங்கும் ஊர் புழுக்கமானது என்றால் குளிர்ந்த அறையிலிருந்தோ காரிலிருந்தோ வெளியே வந்தவுடன் பையைத் திறக்காதீர்கள், லென்ஸுக்குள் ஈரம் படியும். மூடியபடியே ஒரு மணி நேரம் வைத்தால் சூடு சமமாகிவிடும். ஃபிரிட்ஜில் வைத்திருக்கும் ரோலும் அப்படித்தான், கிளம்பும் முந்தின நாளே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள், அதன் பிறகு ஜிப் பையில் அடுக்கலாம்.